மூவர் பாஸ்

ஊரில் யார் எங்கே கிளம்பினாலும் சூட்கேஸ்காரரின் கடையை மிதித்துவிட்டுத்தான் போவார்கள். அவர் மட்டும் எங்கும் போனதில்லை. உலகம் சுற்றப் போகும் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிறவர்களிடம் பேரம் பேசியே பாதித் தலை நரைத்துவிட்டது.

அந்தப் பேரத்தில் ஒரு நாடகம் உண்டு. விலையை இவர் சொல்வார். வாங்க வந்தவர் முகத்தைச் சுளிப்பார். இவர் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யும் நேரம் பார்த்து, பின்னால் பெட்டி அடுக்குகளுக்கு இடையிலிருந்து மைத்துனன் குரல் வரும்: "மாமா, நம்ம ஆளுங்கதானே, விட்டுக்குடுங்க." உடனே இவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, "இவனை வெச்சுக்கிட்டு நான் எப்படிப் பொழைக்கிறது!" என்பார். விலை இறங்கும். அதாவது முதலிலேயே நினைத்து வைத்திருந்த விலைக்கு வந்து நிற்கும். வந்தவர் ஜெயித்துவிட்ட பூரிப்பில் பெட்டியை உருட்டிக்கொண்டு போவார்.

இந்த நாடகத்துக்கு ஒரே ஒரு விதி. குரல் வரும்போது சூட்கேஸ்காரர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் கண்ணும் கண்ணும் சந்திக்கும், சிரிப்பு வரும், வியாபாரம் கெடும். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு முறைகூடத் திரும்பியதில்லை.

மைத்துனன் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். எதற்கும் நேரத்துக்கு வராதவன் அதற்கு மட்டும் அவசரப்பட்டுவிட்டான்.

அவன் அக்கா, அதாவது சூட்கேஸ்காரரின் மனைவி, அதன் பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டாள். இது சின்ன விஷயம் இல்லை. அந்த வீட்டில் திட்டு என்பது காலை வெளிச்சம் மாதிரி. அது வந்தால்தான் பொழுது விடிந்ததாகக் கணக்கு. சட்டையை நாற்காலியில் போட்டால் திட்டு, சாப்பிடும்போது கடை விஷயம் பேசினால் திட்டு. இப்போது ஈர டவலைப் படுக்கையில் போட்டுப் பார்த்தார். எடுத்து மடித்துக் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"எங்கயாவது போயிட்டு வரலாமா? வெளிநாடு? மலை, ஏரி, ரயிலு?" என்று கேட்டார்.

"சரி" என்றாள். எவ்வளவு ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அவர்கள் போகத் தீர்மானித்த நாட்டின் ரயில்வே, வெளியூர்க்காரர்கள் வழி தவறி நேரடியாக ரயில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, இந்தப் பக்கமும் ஊர் ஊராகப் பயண வழிகாட்டு நிலையம் திறந்து வைத்திருந்தது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் கழுத்தில் பட்டுத்துணி கட்டிய ஒரு பெண். அவள் சிரிப்பைப் பார்த்ததும் சூட்கேஸ்காரருக்குப் புரிந்துவிட்டது: இது சொந்தக் கடை இல்லை, சம்பளக் கடை. இங்கே பேரம் படியாது.

"வரம்பில்லாப் பாஸ்னா என்னம்மா?"

"எந்த வரம்பும் இல்லாம எங்க வேணா போகலாம் சார்."

"நல்லாருக்கே."

"வேக ரயில், மலை ரயில், காலை ரயில் இதெல்லாம் தவிர."

"அப்ப விருப்பப் பாஸ்?"

"விருப்பம்போலத் தேதி மாத்திக்கலாம் சார். மாத்தப்போற தேதியை மட்டும் இப்பவே சொல்லிடணும்."

"எங்களுக்கு ரெண்டு பேருக்குச் சேர்த்து ஒண்ணு குடுத்துடும்மா."

அவள் முகத்தில் பரிவு படர்ந்தது. "ரெண்டு பேருங்கறது எங்க விதிப்படி குழு இல்ல சார். அது தனி ஆள், ரெண்டு தடவை. மூணு பேர் இருந்தாத்தான் குழு. மூவர் பாஸ்னு இருக்கு. ரெண்டு தனிப் பாஸைவிட விலை கம்மி."

சூட்கேஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு, ரெண்டைவிடக் கம்மியா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"ஏன்ங்கறது வேற பிரிவு சார்."

மூன்று சாமான் இரண்டு சாமானைவிட மலிவு என்று காதால் கேட்ட பிறகும் இரண்டை வாங்கிக்கொண்டு வருகிறவன் கடைவீதியில் தலை காட்ட முடியுமா? கை தானாக மேஜைமேல் தாளம் போட்டது. மூன்றாவது ஆள் என்று ஒரு பாஸ்போர்ட் இருந்தால் போதும் என்றாள் அவள். பாஸ்போர்ட்டா? இருந்ததே. மூன்று பேருமாகப் போகலாம் என்று மைத்துனன்தான் எல்லோருக்கும் அலைந்து எடுத்து வைத்திருந்தான். படத்தில் அவன் வாய் பாதி திறந்திருக்கும், ஏதோ ஜோக் சொல்லப் போகிறவன் மாதிரி. கைப்பிடி உடைந்து விற்காமல் கிடந்த பெட்டிக்குள் அது இன்னும் இருந்தது. எடுத்துப் போட யாருக்கும் மனசு வரவில்லை.

வண்டி ஏறும் அன்றைக்கு 'ஒருத்தர் வரலை' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாங்கியவன் எடுத்துக்கொண்டு போகாத சாமானுக்கு எந்தக் கடைக்காரன் அழுதிருக்கிறான்? இப்படித்தான் கணக்குப் போட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். ரயில்வேயைக் கடை என்று நினைத்துவிட்டார்.

மனைவியிடம் சொல்லவில்லை.

அந்த நாடு முழுக்கப் பனியாக இருந்தது. ரயிலின் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணியை இழுத்துப் பிடித்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை. எதிரும் புதிருமாக இருக்கைகள், நடுவில் சின்ன மேஜை. ஜன்னலோரம் மனைவி, பக்கத்தில் இவர். எதிரே இருந்த ஒற்றை இருக்கையின் தலைமாட்டில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த இருக்கையில் மனைவி தன் கைப்பையை வைத்திருந்தாள்.

பரிசோதகர் வந்தார். எந்த நாட்டுக்குப் போனாலும் சீருடைக்காரன் பேசுவது ஒரே பாஷைதான்; யாருக்கும் புரியும்.

"மூவர் பாஸா? சந்தோஷம். மூணு பேரும் சேர்ந்து பயணம் பண்ணினாத்தான் செல்லும். ஒருத்தர் வரலைன்னா மீதி ரெண்டு பேரும் வரலைன்னு அர்த்தம். வராதவங்க வண்டிக்குள்ள இருந்தா எல்லையில இறக்கி விட்டுடுவோம். இப்ப சொல்லுங்க, மூணாவது பயணி எங்க?"

சூட்கேஸ்காரர் வாயில் 'வரலை' தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டார்.

"பாத்ரூம் போயிருக்கான்."

பரிசோதகர் பச்சை விளக்கைப் பார்த்தார், திருப்தியோடு தலையாட்டினார், நகர்ந்துவிட்டார்.

"யாருங்க?" என்றாள் மனைவி.

"அது ஒண்ணுமில்ல, மூணாவது ஆளு."

"அதான் யாரு?"

சொன்னார். மலிவு, மூன்று, இரண்டு, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றையும் மெல்லிய குரலில், ஓட்டை விழுந்த பெட்டியைத் தலையில் கட்டும்போது பேசுவானே ஒருவன், அப்படி. திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். விழவில்லை. அவள் எதிர் இருக்கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தன் பையை அங்கிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஜன்னல் கண்ணாடியில் ரயில் பெட்டியின் உள்பக்கம் தெரிந்தது. சூட்கேஸ்காரர் கண்ணாடியைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தார்.

அடுத்து வந்தவர் நுண்பரிசோதகர். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பாஸில் சூட்கேஸ்காரர் தேதியை நீல மையில் எழுதியிருந்தார். ரயில்வேயின் நீலம் வேறு நீலமாம். மனைவியின் கையெழுத்தின் வால் கட்டத்துக்கு வெளியே நீண்டிருந்தது.

"மூணாவது பயணி பகுதிதான் கச்சிதமா இருக்கு" என்றார் நுண்பரிசோதகர். குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"அதுல நான் ஒண்ணுமே எழுதலையே?"

"அதேதான். எழுதல. அதனால தப்பே இல்ல. எழுதறதுலதான் சார் மனுஷன் தடுக்கி விழறான்." அவர் எழுந்து நிற்குமாறு சைகை காட்டினார். "நீங்க ரெண்டு பேரும் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நின்னுக்கிட்டு வரணும். அங்க சரி பண்ணிக்கலாம். அவர் உட்காரலாம்."

இருவரும் எழுந்து வழியில் நின்றார்கள். அந்தச் சமயம் தடியூன்றி ஒரு கிழவி வந்தாள். இடம் தேடி, பச்சை விளக்கு எரிந்த இருக்கையில் உட்காரப் போனாள்.

"ஆள் இருக்கு" என்றார் நுண்பரிசோதகர்.

"எங்கேப்பா?"

"ஒதுக்கீட்டுல."

"அப்ப இந்தக் காலியா இருக்கறது?"

"அது பிழையுள்ள பயணிகளோட இடம். அதுல பிழை இல்லாதவங்க உட்கார்ந்தா பிழை."

கிழவி அவர்களோடு நின்றாள். உயிரோடு இருந்த மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி வந்தார்கள். மூன்று இருக்கையும் காலியாகப் போயின. பச்சை விளக்கு மட்டும் ஒரே சீராக எரிந்தது. "கொடுத்து வெச்ச மகராசன். யாரும்மா அது?" என்று கிழவி கேட்டாள்.

"என் தம்பி" என்றாள் மனைவி.

அடுத்த ஸ்டேஷனில் பிழை திருத்தும் ஜன்னலும், திருத்திய பிழையைச் சரிபார்க்கும் ஜன்னலும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன. இரண்டையும் சுற்றி முடித்து மாற்று ரயிலைப் பிடிக்கப் போனால், நிலைய அதிகாரி கொடியை மடக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"மூணாவது பயணி?"

"காப்பி வாங்கப் போயிருக்கான்."

"அப்ப வண்டி நிக்கும். குழுவைப் பிரிக்கறது எங்க வழக்கம் இல்ல." சொல்லிவிட்டு ஒலிபெருக்கியில் கூப்பிட வைத்தார்.

பனிக்குள் அந்தக் குரல் கிளம்பியது. மைத்துனன் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டது. உங்கள் குடும்பத்தார் காத்திருக்கிறார்கள், உடனே வரவும். கூரையில் மோதி, தண்டவாளத்தின்மேல் ஊர்ந்து, எங்கோ போய்த் திரும்பி வந்தது. உடனே வரவும். வரவும். பிளாட்பாரத்தில் வேறு யாருமே இல்லை. மனைவி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கதவு தட்டும் சத்தத்துக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

பனியில் ஏதோ அசைந்தது. சுமைவண்டியாக இருக்கலாம்.

"பாத்தீங்களா?" என்றாள் அவள் திடீரென்று. "வந்த இடத்துலயும் இவனைத் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். எங்கயாவது நின்னு எவன்கிட்டயாவது வாயடிச்சுக்கிட்டு இருப்பான். நீங்க என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? பெட்டியைத் தூக்குங்க. ஈரத்துல வெச்சிருக்கீங்க பாருங்க, கடை வெச்சிருக்கற லட்சணம்!"

சூட்கேஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு! எவ்வளவு நாளாச்சு! பெட்டியைத் தூக்கினார். தூக்கும்போதுதான் அவளுடைய பார்வை தன் தோளுக்கு மேலே எங்கோ போவதைக் கவனித்தார். கொடியும் அப்போது அசைந்தது.

"வந்துட்டாரு" என்று எழுதிக்கொண்டார் நிலைய அதிகாரி.

அதன் பிறகு விடுமுறை களைகட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். ஏரி வந்தது, மலை வந்தது, பனிக்குள் வந்ததாக அறிவித்தார்கள். மனைவி பேசினாள். கணவனைத் திட்டினாள், ரயில்வேயைத் திட்டினாள், எதிர் இருக்கையைத் திட்டினாள். மூன்று காப்பி வாங்கச் சொன்னாள். மூன்றாவது கோப்பை ஆறியதும், காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனசில்லாமல் சூட்கேஸ்காரரே குடித்தார். குடித்தது தான்தானா என்று பிறகு ஒரு சந்தேகம் வந்தது; நாக்கில் காப்பி ருசியே இல்லை. ஒவ்வொரு பரிசோதகரும் வந்து இவர்கள் இருவரிடமும் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, எதிர் இருக்கையைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தூங்கும்போது மனைவி சிரித்துக்கொண்டே தூங்கினாள். இவர் விழித்துக்கொண்டு பச்சை விளக்கைப் பார்த்தபடி இருந்தார்.

கேட்ட சரக்கு கிடைத்துவிட்டது. ஆனால் யாரிடம் வாங்கினோம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

கடைசி ஸ்டேஷனில் இறங்கியதும் இரண்டு காவலர்கள் வந்து பக்கத்துக்கு ஒருவராக நின்றார்கள். "தலைமை அதிகாரி உங்களைப் பார்க்கணும்னு சொல்றாரு. மூணு பேரையும்."

தொலைந்தோம் என்று நினைத்தார் சூட்கேஸ்காரர். உயரமான கூடம். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டுகூட ஒத்துப்போகவில்லை. மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். நடு நாற்காலியில் சிவப்பு மெத்தை. அதில் உட்காரப் போன சூட்கேஸ்காரரைக் காவலர் நாசூக்காகப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டார்.

தலைமை அதிகாரி எழுந்தார். அவர் தொண்டையைச் செருமியதும் பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"எங்க ரயில்வே பயணிகளுக்காகவே இருக்கு. பயணிகள்தான் அதைப் புரிஞ்சுக்கறதில்ல. ஜன்னலுக்கு வந்து கேள்வி கேக்கறாங்க. ரயில் ஏன் லேட்டுங்கறாங்க. கால் வலிக்குதுங்கறாங்க. உட்காரணுமாம்! சில பேர் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு, ஒண்ணும் தெரியலையேன்னு எங்ககிட்ட வந்து புகார் குடுக்கறாங்க. ஒரு நல்ல பயணி வரமாட்டாரான்னு நாங்க காலம் காலமா காத்துக்கிட்டு இருந்தோம். இதோ வந்திருக்காரு!" சிவப்பு மெத்தையைக் கை காட்டினார். "ஒரு கேள்வி கேக்கல. ஒரு குப்பை போடல. இருக்கையில ஒரு சுருக்கம் விழல. எடை இல்ல, எரிபொருள் மிச்சம். இவர் மாதிரி எல்லாரும் ஆயிட்டாங்கன்னா, எங்க ரயில்வே உலகத்திலேயே சிறந்த ரயில்வே ஆயிடும். அதுக்குத்தான் நாங்க ராப்பகலா உழைச்சுக்கிட்டு இருக்கோம். எப்பவும் நேரம் தவறாம இருந்ததுக்காக, இந்த வருஷத்துச் சிறந்த பயணி விருது..."

"யாரு, எங்க தம்பியா?" என்று கூவிவிட்டாள் மனைவி. "நேரம் தவறாமயா? ஐயோ! அவன் பரீட்சைக்கே அடுத்த நாள் போனவன் சார்!"

அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த கணவருக்கே தெரியவில்லை. ரயில்வே தரப்பில் அதற்கும் கை தட்டினார்கள். பதக்கத்தைச் சிவப்பு மெத்தையின்மேல் வைத்தார்கள். அது கொஞ்சம் உள்ளே அமுங்கிக் கிடந்தது.

விழா முடிந்தது. இனி வெளியே போக வேண்டியதுதான். வெளிவாசலில் சுழல்கதவு, அதன் பக்கத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள்ளும் அதே தலைமை அதிகாரி உட்கார்ந்திருந்தார், ஆள் பற்றாக்குறையாம்.

"பாஸ் இன்னியோட முடியுது. மூணு பேரும் சேர்ந்து வெளிய போகணும். கதவு மூணு தடவை சுத்தணும்."

சூட்கேஸ்காரர் தோற்றுப்போன குரலில் உண்மையைச் சொல்லிவிட்டார். "சார், அவன் இல்ல. செத்துட்டான். கிளம்பறதுக்கு முன்னாடியே."

"அப்படி ஒரு பகுதி எங்க விதியில இல்லையே" என்றார் அதிகாரி, வருத்தமே இல்லாமல். "இறங்கினவர், ஏறினவர், தாமதமானவர். இவ்வளவுதான் பயணி. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். ரத்த சம்பந்தம் உள்ளவங்க யாராவது இந்த மைக்குல வந்து 'மூணாவது பயணி இல்லை'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். எல்லா ஸ்டேஷன்லயும் கேக்கும். விளக்கை அணைச்சுடுவோம். கதவு ரெண்டு தடவை சுத்தினாப் போதும். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அவர் மைக்கை மனைவி பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் கிட்டே போனாள். உதட்டைப் பிரித்தாள். அவளுடைய மூச்சு மைக்கில் விழுந்து, கூடமெங்கும், பனியில் நின்ற பிளாட்பாரங்களெங்கும் பெரிதாகக் கேட்டது. கடிகாரங்கள்கூட அந்தச் சமயம் ஒன்றாக டிக் என்ற மாதிரி இருந்தது. சூட்கேஸ்காரர் அவள் முதுகையே பார்த்தார். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அவள் வீட்டுக்கு வருவாள். ஈர டவலை மடிப்பாள். சரி என்பாள். எல்லாவற்றுக்கும் சரி என்பாள்.

"இல்..." என்று ஆரம்பித்தாள் அவள். நிறுத்தினாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "என்னால முடியாதுங்க. நீங்களே பாருங்க. அவன் வந்துடுவான். கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு வழியும் இருக்கு. நீட்டிச்சுக்கலாம். மூவர் பாஸ், மறுபடியும். ஆனா நீட்டிப்புக்குச் சலுகை எதுவும் கிடையாது." ஒரு தொகையைச் சொன்னார்.

அநியாய விலை. மூன்று தனிப் பாஸைவிட அதிகம். கடைவீதியில் இப்படி ஒரு விலையை ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுவார்கள். முகத்தைச் சுளிக்க வேண்டும், எழுந்து போகிற மாதிரி போக வேண்டும், வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும். எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காலியான பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம்விட்டு, பதக்கத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாழ்க்கையில் முதல் முறையாகச் சூட்கேஸ்காரர் பேரம் பேசவில்லை. கேட்ட பணத்தைக் கேட்டபடி எடுத்து ஜன்னலில் வைத்தார்.

அதிகாரி பணத்தின்மேல் கை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. அவர் பார்வை சூட்கேஸ்காரரின் தோளுக்கு மேலே, பின்னால், பயணிகளின் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த பக்கமாகப் போனது. யாரோ பேசுவதைக் கேட்பவர் மாதிரி புருவத்தை உயர்த்தினார். ஒரு தடவை தலையாட்டினார். பிறகு நோட்டுகளில் பாதியைப் பிரித்து இந்தப் பக்கம் தள்ளினார்.

"எங்க வழக்கம் இல்ல" என்றார் சலிப்போடு. "ஆனா சிறந்த பயணி. அவரே கேக்கறாரு. நம்ம ஆளுங்கதானே, விட்டுக்குடுங்கன்னு."

சூட்கேஸ்காரரின் பிடரி சில்லிட்டது. பின்னால் மனைவி மெல்லச் சிரிப்பது கேட்டது. கழுத்து திரும்பத் துடித்தது.

அவர் திரும்பவில்லை. திரும்பினால் வியாபாரம் கெட்டுவிடும்.

பணத்தை அள்ளிக்கொண்டார். நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தபடியே, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இவனை வெச்சுக்கிட்டு நான் எப்படிப் பொழைக்கிறது!"